வெளிநாட்டுக்காரன் சொல்லி நம்ம சட்டத்தை மாத்தலாமா? 377ஐச் சுற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்ட விழிப்புணர்வு வகுப்புகளுக்குப் போய்ப் பேசுகிறவன் நான். அன்றைய தலைப்பு வாடகை ஒப்பந்தமாக இருக்கும், தகவல் உரிமைச் சட்டமாக இருக்கும். ஆனால் டீ இடைவேளையில் யாராவது ஒருவர், ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப் பிரிவை இழுத்துவிடுவார். அதிலும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகம்தான்: "இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சொல்லிச் செஞ்சதுதானே?" ஒவ்வொரு ஊரிலும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. அவர்கள் "ஓரினச்சேர்க்கை" என்று சொன்ன இடத்தில் அப்படியே விட்டிருக்கிறேன். நான் பதில் சொல்லும்போது "தன்பாலீர்ப்பு" என்கிறேன். இது செயலைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல, மனிதர்களைப் பற்றியது என்பதால்.

377-னா என்ன சார்? இப்ப அது இருக்கா, இல்லையா?

இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, "இயற்கையின் ஒழுங்குக்கு மாறான" உடலுறவைக் குற்றம் என்றது. ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். சம்மதம் இருந்ததா, வயது வந்தவர்களா, மூடிய கதவுக்குள் நடந்ததா என்பதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் கொண்ட அமர்வு, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று ஒருமனதாகச் சொன்னது. மற்ற பகுதி நீடித்தது.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 377 என்ற பிரிவே இல்லை. ஆணின் மீது நடக்கும் பாலியல் வன்முறைக்கு இருந்த பிரிவும் இதோடு சேர்ந்து போய்விட்டது. அது தனிக் கவலை, இன்னொரு நாள் பேசலாம்.

நம்ம நாட்டுச் சட்டம், நம்ம பண்பாடு. இதுல வெளிநாட்டுக்காரனுக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: 377ஐ எழுதியது யார்? மெக்காலே என்ற ஆங்கிலேயர் தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் தண்டனைச் சட்டத்தின் வரைவைத் தந்தது. 1860இல் அது சட்டமாகி, 1862 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன் வேர் 1533இல் எட்டாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்தில் போட்ட சட்டம். ஆக, வெளிநாட்டுக் கருத்து நம் சட்டத்துக்குள் நுழைவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர் 1860இலிருந்தே கவலைப்பட வேண்டும். அப்போது நம்மை யாரும் கேட்கவில்லை. கேட்க ஒரு சட்டமன்றம்கூட நமக்கு இல்லை.

இதே பிரிவு, அதே எண்ணோடும் எண் மாறியும் மலேயா, சிங்கப்பூர், பர்மா என்று போனது. இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் 365, 365அ என்று உட்கார்ந்தது. 2018 ஏப்ரலில், லண்டனில் காமன்வெல்த் தலைவர்கள் கூடியபோது, அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே இந்தச் சட்டங்களைப் பரப்பியதில் தன் நாட்டின் பங்குக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்.

ஆனால் இந்த வாதத்தை ஓரளவுக்கு மேல் இழுக்கக் கூடாது என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கொலைக்குத் தண்டனை தரும் பிரிவையும் அதே மெக்காலேதான் எழுதினார். அதை யாரும் தூக்கி எறியச் சொல்வதில்லை. ஒரு சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அது நல்லதா கெட்டதா என்று சொல்லிவிட முடியாது. 377க்கு எதிராக அப்படிச் சொன்னாலும் செல்லாது, மாற்றத்துக்கு எதிராகச் சொன்னாலும் செல்லாது.

வெள்ளைக்காரனே 1967ல எடுத்துட்டானாமே?

இங்கிலாந்தும் வேல்ஸும் மட்டும். 1957இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த வுல்ஃபெண்டன் குழு பரிந்துரைத்து, 10 ஆண்டு கழித்துச் சட்டம் வந்தது. ஸ்காட்லாந்துக்கு 1980 வரை பொறுக்க வேண்டியிருந்தது. வட அயர்லாந்து அசையவே இல்லை. இயன் பெய்ஸ்லி என்ற பாதிரியார்-அரசியல்வாதி பெரிய கையெழுத்து இயக்கமே நடத்தினார். கடைசியில் ஜெஃப்ரி டட்ஜன் என்ற பெல்பாஸ்ட்காரர் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 1981இல் அது அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 1982இல் சட்டம் மாறியது. உலகத்துக்கே இந்தச் சட்டத்தை ஏற்றுமதி செய்த நாடு, தன் வீட்டின் ஒரு மூலையில் அதை எடுக்க வெளியூர் நீதிமன்றத்தின் சொல்லைக் கேட்க வேண்டியிருந்தது.

2018 தீர்ப்பு அமெரிக்கா, ஐரோப்பா அழுத்தத்தால வந்ததுதானே? உண்மையைச் சொல்லுங்க.

வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் வெளிநாட்டுக்காரர் ஒருவரையும் காணோம். தீர்ப்பின் பெயரிலேயே இருக்கும் நவ்தேஜ் சிங் ஜோஹர் ஒரு பரதநாட்டியக் கலைஞர். சென்னை கலாக்ஷேத்ராவில் பயின்ற பஞ்சாபி. அவருடன் வந்தவர்கள் ஒரு பத்திரிகையாளர், ஒரு சமையல் கலைஞர், பழைய கோட்டைகளை ஓட்டலாக்கிய ஒருவர், ஒரு தொழில்முனைவர். எல்லோரும் இந்தியக் குடிமக்கள். எந்தத் தூதரகமும் மனுப் போடவில்லை.

அதற்கு முந்தைய கதையும் இங்கேயே நடந்ததுதான். 2001இல் நாஸ் பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. போலீசுக்குப் பயந்து ஒளிந்து வாழ்கிறவர்களிடம் எச்.ஐ.வி. தடுப்பு வேலை செய்ய முடியவில்லை என்பது அவர்களின் குறை. அந்த வழக்கில் ஒரு வேடிக்கை: உள்துறை அமைச்சகம் 377 வேண்டும் என்றது, அதே மத்திய அரசின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அது தங்கள் வேலைக்கு இடைஞ்சல் என்று எழுதிக் கொடுத்தது. 2009 ஜூலை 2 அன்று நீதிபதிகள் ஏ.பி. ஷா, எஸ். முரளிதர் அமர்வு, வயது வந்தவர்களின் சம்மத உறவுக்குப் பொருந்தாதபடி 377ஐச் சுருக்கியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2017இல் அந்தரங்க உரிமை பற்றிய 9 நீதிபதிகள் அமர்வு, 2013 தீர்ப்பின் காரணங்கள் தவறு என்றது. அப்புறம்தான் 2018. மத்திய அரசு கடைசியில், சம்மத உறவு பற்றிய கேள்வியை நீதிமன்றத்தின் விவேகத்துக்கே விடுகிறோம் என்று ஒதுங்கிக்கொண்டது. 17 ஆண்டுகள் இழுத்த வழக்கு. வெளிநாட்டு அழுத்தத்தால் நடந்தது என்றால், அந்த அழுத்தம் ரொம்ப மெதுவான அழுத்தம்தான்.

சரி, ஆனா தீர்ப்புக்குள்ள தென்னாப்பிரிக்கா, அமெரிக்கான்னு பக்கம் பக்கமா எடுத்துப் போட்டிருக்காங்களே. அது செல்வாக்கு இல்லையா?

செல்வாக்குதான். மறுக்கவில்லை. ஆனால் செல்வாக்கு எல்லாம் ஒரே ரகம் இல்லை. வெளிநாட்டுத் தீர்ப்பு எதுவும் இந்திய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. அதில் உள்ள காரணம் சரியாகப் பட்டால் எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் தள்ளிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் யோசனை மாதிரி. அவர் சொல்வதைக் கேட்பதால் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்ததாக ஆகிவிடாது.

2013 தீர்ப்பு அப்படித்தான் தள்ளியது. வெளிநாட்டுத் தீர்ப்புகள் தகவலுக்கு உதவும், கண்ணை மூடிக்கொண்டு இங்கே பொருத்த முடியாது என்றது. அந்த வாக்கியத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு பொருத்திப் பார்க்கலாம் அல்லவா? அதை அந்தத் தீர்ப்பு செய்யவில்லை என்பதுதான் என் குறை.

1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை அவையில் வைத்துப் பேசிய அம்பேத்கரிடமும் இதே குற்றச்சாட்டு வீசப்பட்டது, எல்லாம் இரவல் சரக்கு என்று. கடன் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அரசியலமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வைத்திருக்கவில்லை என்றார் அவர். வழிகாட்டு நெறிகள் அயர்லாந்திலிருந்து வந்தன. 21ஆம் பிரிவின் சொற்றொடர் ஜப்பான் அரசியலமைப்பின் சாயலில் அமைந்தது.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதும் அல்ல. 2003இல் ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய டெக்சாஸ் மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, நீதிபதி கென்னடி மேலே சொன்ன டட்ஜன் வழக்கை மேற்கோள் காட்டினார். வெளிநாட்டு மோஸ்தரை அமெரிக்கர் தலையில் கட்டாதீர்கள் என்ற பொருளில் நீதிபதி ஸ்கேலியா மாறுபட்டு எழுதினார். "வெளிநாட்டுச் சதி" என்று நாம் யாரைக் கை காட்டுகிறோமோ, அவர்களும் வேறு யாரையோ கை காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐ.நா.வுல கையெழுத்துப் போட்டுட்டோம், அதனால மாத்தியே ஆகணும்னு ஒருத்தர் சொன்னாரே?

பாதி சரி. குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979இல் தானாகச் சேர்ந்தது. கையைப் பிடித்து யாரும் கையெழுத்து வாங்கவில்லை. நாமே கொடுத்த வாக்கை நினைவுபடுத்துவதைத் தலையீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசியலமைப்பின் 51ஆம் பிரிவும் ஒப்பந்தக் கடமைகளை மதிக்கச் சொல்கிறது. வேலையிடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான 1997ஆம் ஆண்டு விசாகா நெறிமுறைகள், பெண்களுக்கான ஐ.நா. உடன்படிக்கையைத் துணைக்கு வைத்து வந்தவை. அதை யாரும் அந்நியத் தலையீடு என்று கூச்சல் போட்டதாக எனக்கு நினைவில்லை.

மீதிப் பாதி: ஒப்பந்தம் தானாக உள்நாட்டுச் சட்டமாகிவிடாது. அதற்கு 253ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். ஐ.நா. குழு ஒன்று "மாற்று" என்றால் மறுநாள் காலை சட்டம் மாறாது. இதே மாதிரிச் சட்டம் வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தைப் பற்றி ஐ.நா. மனித உரிமைக் குழு 1994இல் சொன்ன முடிவைக் கூட்டாட்சி அரசு மதித்து அதே ஆண்டு சட்டம் போட்டது. அப்போதும் டாஸ்மேனியா முரண்டு பிடித்து 1997இல்தான் தன் சட்டத்தை எடுத்தது.

இலங்கையில இன்னும் அந்தச் சட்டம் இருக்குன்னு யாழ்ப்பாணத்துச் சிநேகிதர் சொன்னார். அங்க ஐ.நா. சொன்னது என்ன ஆச்சு?

இருக்கிறது. அங்கே ஒரு கசப்பான திருப்பமும் உண்டு. 365அ முதலில் ஆண்களை மட்டும் குறிப்பிட்டது. 1995இல் சட்டத்தைத் திருத்தியபோது "ஆண்" என்ற சொல்லை எடுத்து "நபர்" என்று போட்டார்கள். விளைவு, அதுவரை வெளியே இருந்த பெண்களும் உள்ளே வந்தார்கள். இதை எந்த வெள்ளைக்காரனும் செய்யவில்லை. சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றம் செய்தது.

2022இல் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, ரோசானா ஃபிளேமர்-கல்தேரா என்ற இலங்கைச் செயற்பாட்டாளரின் முறையீட்டில் அவர் பக்கம் முடிவு சொன்னது. அடுத்த ஆண்டு பிரேம்நாத் தொலவத்த என்ற உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதை எதிர்த்துச் சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள் (அங்கே உச்ச நிலை நீதிமன்றத்துக்கு அதுதான் பெயர்). மசோதா அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதம் நீதிமன்றம் சொன்னது. வழி திறந்துதான் இருந்தது. ஆனால் அது நிறைவேறாமலே 2024 செப்டம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. ஐ.நா.வின் சொல் எவ்வளவு தூரம் தள்ளும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

பேசிப் பயனில்லைன்னா உதவியை நிறுத்திட வேண்டியதுதானே? காசு நின்னா எல்லாரும் வழிக்கு வருவாங்க.

உகாண்டாவில் இதைச் செய்து பார்த்தாகிவிட்டது. அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அங்கே 2014 பிப்ரவரியில் அதிபர் முசெவெனி தன்பாலீர்ப்பு எதிர்ப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். உலக வங்கி 9 கோடி டாலர் கடனைத் தள்ளி வைத்தது. எதற்கான கடன் தெரியுமா? சுகாதாரத் துறைக்கு, அதாவது ஆஸ்பத்திரிகளுக்கு. சில ஐரோப்பிய நாடுகளும் அரசுக்கு நேரடியாகத் தந்த பணத்தை நிறுத்தின அல்லது திருப்பிவிட்டன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று அந்தச் சட்டம் விழுந்தது. ஆனால் அதை வீழ்த்தியது உகாண்டாவின் சொந்த அரசியலமைப்பு நீதிமன்றம். வாக்கெடுப்பின்போது அவையில் போதிய உறுப்பினர் இல்லை என்று உள்ளூர்க்காரர்கள் போட்ட வழக்கு அது.

2023இல் மரண தண்டனைப் பிரிவோடு புதுச் சட்டம் வந்தது. உலக வங்கி மறுபடி புதுக் கடன்களை நிறுத்தியது. அமெரிக்கா வர்த்தகச் சலுகையைப் பறித்தது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு நீதிமன்றம் சில பிரிவுகளை மட்டும் நீக்கிவிட்டுச் சட்டத்தை நிலைநிறுத்தியது. 2025இல் உலக வங்கி மீண்டும் கடன் தரப்போவதாக அறிவித்தது. இடையில் சட்டம் மாறவில்லை, வங்கிதான் மாறியது.

இதில் யாருடைய பேச்சு முக்கியம்? அந்தச் சட்டத்தால் சிறைக்குப் போகக்கூடியவர்களின் பேச்சு. 2011இல் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் உதவித் தொகையைக் குறைப்பேன் என்று மிரட்டியபோது, ஆப்பிரிக்கச் செயற்பாட்டாளர்கள் பலர் சேர்ந்து எங்கள் பெயரால் இதைச் செய்யாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். உதவி நின்றால் ஊரே எங்களைக் குற்றம் சொல்லும், அதே ஆஸ்பத்திரிக்கு நாங்களும்தானே போகிறோம் என்பது அதன் சாரம். உதவியை நிறுத்தச் சொல்கிறவர்கள் அந்த அறிக்கையை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்ப உகாண்டா மக்களோட விருப்பம்தான் அந்தச் சட்டம். அதை மதிச்சிட்டுப் போகலாமே?

அங்கேயும் வெளிநாட்டுக் கை இருக்கிறது, எதிர்ப்பக்கத்தில். 2009 மார்ச்சில் ஸ்காட் லைவ்லி என்ற அமெரிக்க மதப் பிரசாரகரும் இன்னும் சில அமெரிக்கர்களும் கம்பாலாவில் கருத்தரங்கம் நடத்தி, தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிப் பயம் காட்டிப் பேசினார்கள். அதே ஆண்டில் முதல் மசோதா அவைக்கு வந்தது. தன்பாலீர்ப்பு மேற்கத்திய இறக்குமதி என்று முழங்கிய மேடையில் பேச்சாளர்களே இறக்குமதி. இதைச் சொன்னால் கூட்டத்தில் பெரும்பாலும் சிரிப்பு வரும். ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய பழைய சட்டமும் அங்கே பிரிட்டிஷ் காலத்துச் சரக்குதான்.

அதற்காக உகாண்டாக்காரர்கள் வெறும் பொம்மைகள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மசோதாவுக்கு அங்கே உண்மையான ஆதரவு இருந்தது. நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு பக்கத்துக்கு வரும் வெளிநாட்டுக் குரலை மட்டும் "தலையீடு" என்றும், மறுபக்கத்துக்கு வருவதை "நம் விழுமியம்" என்றும் எழுதினால் கணக்கு நேராகாது.

வெளி அழுத்தம் எங்கயுமே பலிச்சதில்லையா?

பலித்திருக்கிறது. ருமேனியா 2001இல், ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய தன் 200ஆம் பிரிவை நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டும் என்ற ஆசை அதற்குப் பெரிய காரணம். ஆனால் அது ஒரு சங்கத்தில் உறுப்பினராக விண்ணப்பித்தவர் சங்க விதிக்கு ஒப்புக்கொண்ட கதை. வேண்டாம் என்றால் விண்ணப்பிக்காமல் இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரிக் கடனை நிறுத்துவதும் இதுவும் ஒன்றல்ல.

பெரும்பான்மை ஜனங்க ஏத்துக்கலையே சார். ஜனநாயகத்துல அதுதானே முக்கியம்?

சாலை எங்கே போட வேண்டும், வரி எவ்வளவு என்பதற்குப் பெரும்பான்மை போதும். ஒருவர் தன் வீட்டுக்குள் யாரை நேசிக்கிறார் என்பதற்காக அவரைச் சிறையில் போடலாமா என்பதை ஓட்டுப் பெட்டியிடம் விட நம் அரசியலமைப்பு விரும்பவில்லை. அடிப்படை உரிமைகள் என்று தனியாக எழுதி வைத்ததே அதற்காகத்தான். 2013 தீர்ப்பு இவர்களை மிகச் சிறிய தொகையினர் என்றது, 150 ஆண்டுகளில் 200 பேருக்கும் குறைவாகவே வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள் என்று எண்ணிச் சொன்னது. உரிமைக்கு ஆள் கணக்கு எதற்கு? போலீஸ் நிலையம் வரை போகாமல், பூங்காவிலேயே மிரட்டிப் பிடுங்கிய பணம் எந்தக் கணக்கில் வரும்?

அரசியலமைப்பு ஒழுக்கம் இயல்பாக வருவது அல்ல, வளர்த்தெடுக்க வேண்டியது என்று அம்பேத்கர் சொன்னதும் மேலே குறிப்பிட்ட அதே உரையில்தான். 2009, 2018 தீர்ப்புகள் இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டன. வெளிநாட்டுத் தீர்ப்புகளை எல்லாம் உருவிவிட்டாலும் இந்த ஒரு தூண் தாங்கும் என்பது என் எண்ணம்.

தமிழ்ப் பண்பாட்டுல இது இருந்ததா?

கூவாகத்தையும் தொல்காப்பியத்தில் வரும் "ஆண்மை திரிந்த" என்ற சொற்றொடரையும் காட்டி "இருந்ததே" என்பார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. அவை பால் அடையாளம் பற்றியவை. தன்பாலீர்ப்பு வேறு. இரண்டையும் குழப்பினால் இரு தரப்புக்கும் நியாயம் செய்ததாகாது. பழைய நூலில் இருக்கிறது என்று நிரூபித்தால்தான் ஒருவரைச் சிறையில் போடாமல் விடுவோம் என்ற நிபந்தனையே எனக்குப் புரியவில்லை.

சிங்கப்பூர் மாதிரி "வெளியாள் வாயைத் திறக்காதே"ன்னு சொல்லிட்டா?

சிங்கப்பூர் அதைக் கறாராகவே சொன்னது. தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆதரவான பிங்க் டாட் என்ற ஆண்டுக் கூட்டத்துக்குக் கூகுள், பேஸ்புக் போன்ற நிறுவனங்கள் பணம் கொடுத்தபோது, வெளிநாட்டு அமைப்புகள் உள்நாட்டு விஷயங்களுக்கு நிதி தரக் கூடாது என்று 2016இல் அரசு கண்டித்தது. 2017இல் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே கலந்துகொள்ள முடிந்தது. கூட்டம் நின்றுவிடவில்லை. உள்ளூர் நிறுவனங்கள் நிதி கொடுத்தன.

2022 ஆகஸ்டில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு நீக்கப்படும் என்று அறிவித்தார். நவம்பர் 29இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. அதே கையோடு, திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் என்ற வரையறையை நீதிமன்றம் தொட முடியாதபடி அரசியலமைப்பையும் திருத்திக்கொண்டது. அந்த இரண்டாவது பாதி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வெளிப்பணத்துக்குக் கதவடைத்தால் உள்ளூர்க் கோரிக்கை செத்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு அங்கே பதில் இருக்கிறது.

நாம மட்டும் அடுத்தவனுக்கு உபதேசம் பண்ணாமலா இருக்கோம்?

நல்ல கேள்வி, ஒரு பாலிடெக்னிக் மாணவி கேட்டது. உபதேசம் பண்ணவில்லை, ஆனால் நம் தீர்ப்பு பயணம் போயிருக்கிறது. 2019 ஜூனில் போட்ஸ்வானா உயர் நீதிமன்றமும், 2023 அக்டோபரில் மொரீஷியஸ் உச்ச நீதிமன்றமும் தங்கள் நாட்டுச் சட்டங்களை நீக்கியபோது நம் 2018 தீர்ப்பை மேற்கோள் காட்டின. அவர்களுக்கு நாம்தான் வெளிநாட்டுக்காரர்.

2019 மே மாதம் கென்யா நீதிமன்றமும் அதே தீர்ப்பைப் படித்தது. எங்கள் அரசியலமைப்பு வேறு என்று தள்ளிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் முறை அதுதான்: படித்து, காரணம் சொல்லி, ஏற்பது அல்லது மறுப்பது. கென்யாவுக்குக் கடனை நிறுத்து என்று டெல்லி சொல்லியிருந்தால் நமக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

வெளிநாட்டுல கல்யாணமே அனுமதிச்சுட்டாங்க. நாளைக்கு இங்கயும் கோர்ட் திணிச்சிடும்ல?

திணிக்கவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல, தன்பால் திருமணத்துக்குச் சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, தைவான் எல்லாம் அங்கேயும் வாதத்தில் வந்தன. நீதிமன்றம் கேட்டது, ஏற்கவில்லை. வெளிநாட்டைப் பார்த்து ஆடும் நீதிமன்றம் என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே பதில். இந்தத் தீர்ப்பு எனக்கு ஏமாற்றம்தான், ஆனால் அது வேறு விஷயம்.

என் பையன் கனடாவுல ஒரு பையனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். அவன் இங்க வந்து உரிமை கேட்டா அதுவும் வெளிநாட்டுக் கருத்தா?

ஒரு அம்மா கேட்டது. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார். இல்லை அம்மா, பையன் இந்தியக் குடிமகன், அவர் கருத்து இந்தியக் கருத்து என்றேன். வெளிநாட்டுத் திருமணச் சட்டம், 1969இன் கீழ் இப்படிப்பட்ட திருமணங்களைப் பதிய வேண்டும் என்று கேட்ட மனுக்களும் மேலே சொன்ன 2023 வழக்கில் இருந்தன. அவையும் தோற்றன. ஆகவே டொரண்டோவில் கணவர்களாக விமானம் ஏறுகிறவர்கள், சென்னையில் இறங்கும்போது சட்டத்தின் கண்ணில் இரண்டு நண்பர்கள்.

இப்போதைக்கு என்ன முடியும் என்று கேட்டார். கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நியமனதாரராகப் போடலாம். இதற்குத் தடை இல்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகமே தெளிவுபடுத்தியது. இருவரும் உயில் எழுதி வைப்பது நல்லது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்பதையும் சட்டம் அறியும் என்று சொல்லியிருக்கிறது. வேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருவரைப் பெற்றோரிடமிருந்து மீட்கத் தொடுத்த ஆட்கொணர்வு மனு அது.

அவர் உயில் என்ற சொல்லை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம், பொங்கலுக்கு இரண்டு பேரும் வருகிறார்கள், வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் சட்டப் பிரிவு எதுவும் இல்லை.